குளிர் அறையிலிருந்து வெளியே வந்தபோது

தேனி
23-2-2025

அன்புள்ள அக்காவுக்கு,

பாண்டி எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, மூக்கு மட்டும் ஒழுகிக்கொண்டே இருக்கிறது. நீ, மச்சான், யுவராணி மூன்று பேரும் எப்படி இருக்கிறீர்கள்?

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. மலையில் உன் லயத்து வரிசை வீட்டில் சிக்னல் கிடையாது. நீ மேட்டில் ஏறிக் கூப்பிடும் நேரத்தில் என் போன் குடோன் கேட்டில் ஒரு பெட்டிக்குள் கிடக்கிறது. பன்னிரண்டு மணி நேரம் நான் உள்ளே, போன் வெளியே. அதனால் இதைக் கம்பம் லைன் வண்டியில் கொடுத்துவிடுகிறேன். அங்கே உங்கள் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் டிரைவர் சங்கரலிங்கம் அண்ணன் வாங்கிக்கொள்கிறேன் என்றார்.

திருப்பூரை விட்டு வந்தது நல்லதுதான். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினால் மயிலாடும்பாறையில் அம்மா கையால் சாப்பிடலாம். வேலை இந்த ஐஸ்கிரீம் குடோனில் பெட்டி ஏற்றி இறக்குவது. பெரிய பீரோ மாதிரி ஒரு கதவு, அதன் மேல் சிவப்பு எழுத்தில் மைனஸ் 22 என்று எரிந்துகொண்டே இருக்கும். முதல் நாள் உள்ளே போனபோது மூக்குக்குள் முடி விறைத்தது. இப்போது பழகிவிட்டது.

நாங்கள் பதினைந்து பேர். பதிவேட்டில் ஒன்பது பேர்தான். மீதி ஆறு பேர் 'வண்டி ஆள்', வண்டியோடு வந்து போகிறவர்கள் என்று கணக்கு. அதில் நானும் ஒருவன். அந்த ஆறில் இன்னொருவனான ஸ்டீவன் விளக்கினான்: "பத்துப் பேரு ஆயிட்டா ஃபேக்டரிச் சட்டம் உள்ள வந்துருமாம்ல. அதான் ஒம்பதோட நிப்பாட்டிட்டாக." கையுறை மொத்தம் மூன்று ஜோடி. முதலில் வருகிறவன் மாட்டிக்கொள்வான். நான் சீக்கிரம் எழுந்துவிடுகிறேன்.

உங்கள் ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் எத்தனை டிகிரி அக்கா? அங்கேயும் மீட்டர் இருக்குமே. உன் சூட்டில் பாதியை எனக்கு அனுப்ப முடியுமா?

மச்சானையும் மருமகளையும் கேட்டதாகச் சொல்.
பாண்டீஸ்வரன்


வண்டன்மேடு பக்கம், தோட்டத்து லயம்
6-3-2025

தம்பி பாண்டிக்கு,

அக்கா நாகஜோதி. வீட்டில் எல்லோரும் எழுந்து நடமாடுகிறோம், யுவராணிக்கு மட்டும் இருமல். உன் மூக்கு நின்றதா?

உன் கையெழுத்தைப் பார்த்து மச்சான் அசந்துவிட்டார். அச்சடித்தது மாதிரி எழுதுகிற பயல் பெட்டி தூக்குகிறானே என்றார். எனக்கும் அதுதான் ஆதங்கம். போகட்டும்.

மைனஸ் இருபத்திரண்டில் பதினைந்து பேருக்கு மூன்று ஜோடி கையுறையா? நீ வாய் திறந்து கேட்டாயா? ஊரில் என்னிடம் மட்டும் வாய் கிழியும் உனக்கு.

இங்கே யூனியன் ஆபீஸ் பலகையில் மலையாளத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள், எழுத்துக்கூட்டிப் படித்தேன். மத்தியானம் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை வெயிலில் யாரையும் வேலை வாங்கக்கூடாதாம், லேபர் கமிஷனர் உத்தரவு. கீழே தொடுபுழைப் பக்கம் கட்டட வேலைக்காரர்கள் நிம்மதியாகச் சாப்பிட்டுப் படுக்கிறார்களாம். நமக்குமா என்று சூப்பர்வைசரைக் கேட்டேன். மூவாயிரம் அடிக்கு மேலே இருந்தால் கிடையாதாம். சட்டமும் நம்மைப் போல மலையேறினால் மூச்சு வாங்கும் போலிருக்கிறது.

கடைசிப் பறிப்பு முடியப் போகிறது. கம்பத்திலிருந்து ஜீப்பில் வரும் பெண்கள் அடுத்த வாரத்தோடு நின்றுவிடுவார்கள். நாங்கள் லயத்தில் இருப்பவர்கள் மஸ்டர் பதிவேட்டில் பெயர் உள்ளவர்கள், எங்களுக்கு வேலை ஓடும்.

உனக்கு ஒரு கிலோ ஏலக்காய் அனுப்பலாம் என்று பார்க்கிறேன். குடோனின் முழு விலாசம், மேனேஜர் பெயர், எந்நேரம் எத்தனை பேர் இருப்பீர்கள், எல்லாம் எழுது.

சுடுதண்ணீர் குடி. ராத்திரியில் மப்ளரோடு படு.
அக்கா


தேனி
30-3-2025

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் எப்படி இருக்கிறது யுவராணிக்கு? எனக்கு மூக்கு நின்றுவிட்டது, விரல் நுனிதான் சாயங்காலம் வரை மரத்துக் கிடக்கிறது. தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்.

ஒரு கிலோ ஏலக்காய்க்கு எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எதற்கு அக்கா? இருந்தாலும் நீ கேட்டபடி எல்லாவற்றையும் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். மேனேஜர் பெயர் நாகராஜ். கெட்டவர் என்று சொல்ல முடியாது, முதலாளிக்குப் பயந்தவர். கையுறை கேட்டேன். "கேக்குறவன் இங்கன நிக்க மாட்டான், நிக்கிறவன் கேக்க மாட்டான்" என்றார். நான் நிற்கிறேன்.

வெளியே இப்போதே முப்பத்தொன்பது. உள்ளே மைனஸ் இருபத்திரண்டு. ஒரு நாளைக்கு நாற்பது தடவை இரண்டுக்கும் நடுவே நடக்கிறோம். வேர்த்த சட்டையோடு உள்ளே போனால் சட்டை மொடமொடவென்று ஆகிவிடும். கை மரத்துப்போனால் எங்களுக்கு ஒரு வைத்தியம் உண்டு. போடியிலிருந்தோ கம்பத்திலிருந்தோ வெயிலில் ஓடி வந்து நிற்கும் வண்டியின் பானட்டில் இரண்டு கையையும் விரித்து வைத்துவிடுவோம். ஆறு பேர் வரிசையாக நின்று வண்டியைத் தொட்டுக் கும்பிடுவதாக டீக்கடைக்காரர் கேலி செய்கிறார்.

உன் ஸ்டோர் எத்தனை டிகிரி என்று கேட்டேனே, நீ எழுதவில்லை.

எல்லோரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
பாண்டி


லயம்
11-4-2025

பாண்டி,

நாங்கள் நலம். யுவராணி பள்ளிக்கூடம் போகிறாள்.

பானட்டில் கை வைக்கிற வேலையை இன்றோடு விடு. மரத்த கைக்குச் சூடு தெரியுமா? நான் ஸ்டோரில் விறகு தள்ளுகிறவள், எனக்குத் தெரியும். கையை அக்குளில் வைத்துக்கொள், இல்லையென்றால் வெறுமனே உட்கார். ஆர அமர உட்கார விடமாட்டார்கள் என்று எழுதப் போகிறாய், அதையும் அறிவேன்.

ஸ்டோர் இப்போது பூட்டிக் கிடக்கிறது, அதைப் பற்றி என்ன கேள்வி. மழை இல்லை, தண்ணீர் அடிக்கிற வேலைதான்.

ஏலக்காய் சங்கரலிங்கம் அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடு.
அக்கா


தேனி
27-4-2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஏலக்காய் வந்தது, குடோனே மணக்கிறது. அம்மாவுக்குப் பாதி கொடுத்தேன், முழங்கால் வலி தவிர நன்றாக இருக்கிறாள். அங்கே மழை விழுந்ததா?

வியாழக்கிழமை எங்களுக்கு ஒரு கூத்து. கேட்டில் கவர்ன்மெண்ட் ஜீப் நிற்கிறது என்று வாட்ச்மேன் ஓடி வந்தான். தொழிற்சாலை ஆய்வாளர், ஒரு அம்மா. யாரோ மொட்டைக் கடிதம் போட்டிருக்கிறார்களாம். நாகராஜ் அண்ணன் எங்கள் ஆறு பேரையும் பின்வாசல் வழியாக ஐஸ்கிரீம் வண்டிக்குள் ஏற்றிக் கதவைச் சாத்திவிட்டார். நல்லவேளை, வண்டியில் மெஷின் ஓடவில்லை. வீரபாண்டி ஆற்றங்கரையில் இறக்கிவிட்டார்கள். திருவிழாவுக்குக் கொட்டகை போடுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வேலை நேரத்தில் ஆற்றில் குளித்தது என் வாழ்க்கையிலேயே முதல் தடவை.

அந்த அம்மா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, வெறுங்கையோடு ஒருவரும் உள்ளே போகக்கூடாது, பதிவேட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் கையுறை, கோட்டு கொடுக்க வேண்டும் என்று தாளில் கொடுத்துவிட்டுப் போனாராம். மூன்றாம் நாளே ஒன்பது ஜோடி கையுறை வந்தது. நீல நிறம், உள்ளே பஞ்சு. நன்றாக இருக்கிறது.

கடிதம் போட்டது யார் என்று நாகராஜ் அண்ணன் எல்லோர் முகத்தையும் பார்க்கிறார். அவன் யாரோ, அவன் கைக்கு மோதிரம் போடலாம் என்கிறான் ஸ்டீவன்.

மச்சானுக்கு என் வணக்கம். யுவராணியை வெயிலில் விடாதே.
பாண்டி


லயம்
4-5-2025

தம்பிக்கு,

எல்லோரும் சுகம். கையுறை வந்துவிட்டது என்று படித்ததும் எனக்கு நெஞ்சுக்குள் இருந்த கல் இறங்கியது. மச்சானிடம் இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். ஆற்றில் குளித்த கதைக்கு யுவராணி விழுந்து விழுந்து சிரித்தாள்.

கடிதம் போட்டவர் யாராக இருந்தால் என்ன, நன்றாக இருக்கட்டும்.

வீரபாண்டித் திருவிழாவில் யுவராணிக்குக் கண்ணாடி வளையல் வாங்கி வை. அம்மன் பெயரைச் சொல்லித் தீச்சட்டி எடுக்கிறேன் என்று நீ எதுவும் வேண்டிக்கொள்ளாதே, சூடும் குளிரும் உனக்கு ஏற்கெனவே போதும்.

உடம்பு பத்திரம்.
அக்கா


தேனி
25-5-2025

அன்புள்ள அக்கா,

நலம். அங்கேயும் எல்லோரும் நலமாக இருப்பீர்கள்.

கையெழுத்து வேறாக இருக்கிறதே என்று பார்க்காதே. ஸ்டீவன் எழுதுகிறான், நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறேன். திருவிழாவில் ஏகப்பட்ட லோடு, மணிக்கட்டில் சுளுக்கு. கொஞ்ச நாளில் சரியாகிவிடும். வளையல் வாங்கினேன், சிவப்பு.

வேறு விசேஷம் இல்லை.
பாண்டி


லயம்
1-6-2025

பாண்டி,

நலம் என்று நீ எழுதியதை நான் நம்பவில்லை, அதனால் நானும் அந்தச் சொல்லை எழுதவில்லை.

அட்டை கடிக்கக் கடிக்க மேட்டில் ஏறி நாலு தடவை போன் போட்டேன். "நல்லா இருக்கேன்க்கா" என்று சொல்லிவிட்டு வைக்கிறாய். அம்மா சொல்கிறாள், மூன்று ஞாயிற்றுக்கிழமையாக நீ ஊருக்கு வரவில்லையாம். சுளுக்கு விழுந்தவன் அம்மாவிடம்தானே எண்ணெய் தேய்க்க வருவான்.

நீ சொல்வதற்கு முன்னால் நான் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கடிதத்தைப் போட்டது நான்தான். ஏலக்காய்க்கு விலாசம் கேட்டது அதற்குத்தான். பெயர் போடவில்லை, உன்மேல் பழி வந்துவிடக்கூடாது என்று. பெருமையாக இருந்தது எனக்கு. பிறகு உன் கடிதத்தை எடுத்துத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒன்பது ஜோடி வந்தது என்று எழுதியிருக்கிறாய். நீங்கள் பதினைந்து பேர். உனக்குக் கையுறை வந்தது என்று ஒரு இடத்திலும் நீ எழுதவில்லை.

என் தம்பி கைக்கு என்ன ஆயிற்று? ஸ்டீவன் தம்பி, நீயாவது எழுது. பத்து நாளில் பதில் வராவிட்டால் நான் சம்பளம் போனாலும் ஜீப் ஏறிவிடுவேன்.
நாகஜோதி


தேனி
8-6-2025

அன்புள்ள அக்கா,

ஸ்டீவன்தான் எழுதுகிறான், சொல்வது நான். மலையை விட்டு வர வேண்டாம். பெரிய ஆபத்து தாண்டிவிட்டது.

புதுக் கையுறை பதிவேட்டில் இருக்கும் ஒன்பது பேருக்குக் கொடுத்தார்கள், பெயர் எழுதி. பழைய கிழிந்த மூன்று ஜோடி அந்த அம்மா கண்ணில் மறுபடி பட்டால் வம்பு என்று நாகராஜ் அண்ணன் அதை டீக்கடை அடுப்பில் போட்டுவிட்டார். அதற்கு முன்பு சீக்கிரம் எழுந்தாலாவது எனக்கு ஒரு ஜோடி கிடைக்கும். அதன் பிறகு எங்கள் ஆறு பேருக்கும் ஒன்றும் இல்லை. துணியைச் சுற்றிக்கொண்டு போனோம். துணி நனைந்து பெட்டியோடு ஒட்டிக்கொள்ளும், அவிழ்த்துப் போட்டுவிடுவோம்.

மே ஒன்பதாம் தேதி, திருவிழா நெருக்கடி. காலையிலிருந்து விடாமல் உள்ளே. வெளியே வந்தபோது வலது கை என் கை மாதிரியே இல்லை. கம்பத்து வண்டி அப்போதுதான் வந்து நின்றது. பழக்கத்தில் பானட்டில் வைத்துவிட்டேன். எவ்வளவு நேரம் வைத்தேன் என்று தெரியவில்லை. ஸ்டீவன் வந்து, "ஏலே, தோல் கருகுற நாத்தம் வருது, கையை எடுல" என்று பிடித்து இழுத்தான். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை அக்கா. கொப்பளத்தைக் கண்ணால் பார்த்துத்தான் சுட்டுவிட்டது என்று தெரிந்துகொண்டேன். நீ சொன்னாய், நான் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னது: குளிர் முதலிலேயே விரலைக் கொன்றுவிட்டது, சூடு மிச்சத்தை முடித்தது. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் மேல் கணுவை எடுத்துவிட்டார்கள். பேனா பிடிக்கிற இரண்டும் அவைதான்.

நீ கடிதம் போட்டாய் என்று படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. பொய் சொல்ல மாட்டேன், ஒரு ராத்திரி முழுக்க இருந்தது. காலையில் போய்விட்டது. கையுறை இல்லாமல் அனுப்பியது நீ இல்லை.

இன்னும் ஒன்று, இதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. கட்டோடு படுத்திருந்தபோது நாகராஜ் அண்ணன் ஒரு தாளோடு வந்தார். கைரேகை வைத்தால் ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். இடது பெருவிரலை வைத்துவிட்டேன். இப்போது, அப்படி ஒரு ஆளே எங்களிடம் வேலை பார்க்கவில்லை என்கிறார்கள். தாளை ஜெராக்ஸ் எடுக்க ஸ்டீவனைத்தான் அனுப்பினார்கள். அவன் கூடுதலாக ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கிறான். இதோடு இணைத்திருக்கிறேன். படித்துவிட்டுத் திட்டு.

அம்மாவிடம் சொல்லாதே. யுவராணி எப்படி இருக்கிறாள்?
பாண்டி


லயம்
15-6-2025

என் ஐயா பாண்டி,

யுவராணி நலம். மச்சான் நலம். நான் மூன்று நாள் அழுதேன், இப்போது நலம். என் கடிதம் உன் கையில் இருந்ததையும் பிடுங்கிவிட்டது. அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன், நீ மன்னித்தாலும்.

முதலில் அந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் போடத்தான் போனேன். உன் ரேகையைப் பார்த்ததும் போட மனம் வரவில்லை. மச்சான், "இன்னொரு தடவ நிதானமாப் படி" என்றார். படித்தேன். நீயும் படி, ஸ்டீவனை உரக்கப் படிக்கச் சொல்:

'பாண்டீஸ்வரனாகிய நான் 9-5-2025 அன்று காலை 11.20 மணிக்கு, குளிர் அறையிலிருந்து வெளியே வந்தபோது, என் சொந்தக் கவனக்குறைவால் வண்டியின் பானட்டில் கை வைத்துச் சுட்டுக்கொண்டேன். இதற்கு நிறுவனம் பொறுப்பல்ல.' கீழே மேனேஜர் கையெழுத்து, குடோன் சீல்.

தம்பி, பானட்டை விடு. குளிர் அறையிலிருந்து வெளியே வந்தபோது என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். வேலையே பார்க்காதவன் பகல் பதினொன்று இருபதுக்கு அவர்கள் குளிர் அறைக்குள் என்ன செய்துகொண்டிருந்தான்? உன் பெயர் அந்த நிறுவனத்தின் சீலோடு சேர்ந்து இருக்கிற ஒரே தாள் இதுதான். தப்பித்துக்கொள்ள எழுதினார்கள், நீ இருந்தாய் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

இந்தத் தடவை மொட்டைக் கடிதம் வேண்டாம். தாளை இதோடு திருப்பி அனுப்புகிறேன். உன் பெயர், மற்ற ஐந்து பேர் பெயர், டாக்டர் சீட்டு, இந்தத் தாளின் நகல், எல்லாவற்றையும் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் ஆய்வாளர் அம்மாவுக்கு அனுப்பு. மற்ற நாலு பேரும் பயப்படுவார்கள். ஸ்டீவன் பேசட்டும்.

கட்டு நனையாமல் பார்த்துக்கொள். அம்மாவிடம் நான் சொல்லிவிட்டேன், இந்த வாரம் உன்னிடம் வருவாள்.
அக்கா


தேனி
31-8-2025

அக்கா,

இது நானே எழுதுவது. இடது கை. கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். பாதிப் பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. அம்மா பக்கத்தில் இருக்கிறாள், நலம்.

செவ்வாய்க்கிழமை விசாரணை. ஆறு பேரும் போனோம். ஸ்டீவன் வேலை போனால் போகிறது என்று முதல் ஆளாக உட்கார்ந்தான். இந்த ஆளை எனக்குத் தெரியாது என்று நாகராஜ் அண்ணன் சொன்னார், என் முகத்தைப் பார்க்காமல். ஆய்வாளர் அம்மா தாளை எடுத்து உரக்கப் படித்தார். 'குளிர் அறையிலிருந்து வெளியே வந்தபோது' என்ற இடத்தில் நிறுத்தினார். மறுபடி படித்தார். "இது உங்க கையெழுத்துத்தானே" என்று கேட்டார். நாகராஜ் அண்ணன் ஆமாம் என்று தலையை ஆட்டினார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது.

இப்போது பதிவேட்டில் பதினைந்து பெயர். பதினைந்து ஜோடி கையுறை. உள்ளே இருபது நிமிஷம் இருந்தால் வெளியே பத்து நிமிஷம், உட்கார ஒரு அறை. என் பெயரையும் சேர்த்தார்கள், பிப்ரவரியிலிருந்து. நான் வேலைக்குப் போக முடியாத நாளில்தான் நான் அங்கே வேலைக்காரன் ஆனேன் அக்கா. இழப்பீட்டு மனு தனியாக நடக்கும், எத்தனை நாளோ.

என் வாக்குமூலத்தில் கைரேகை வைக்க விரலை நீட்டினேன். எழுதத் தெரியுமா என்றார் அந்த அம்மா. தெரியும் என்றேன். பேனாவை இடது கையில் பிடித்து முழுப் பெயரையும் எழுதினேன். அத்தனை பேரும் காத்திருந்தார்கள்.

இனி உன் கதை. சங்கரலிங்கம் அண்ணன் சொல்லிவிட்டார். போன வாரம் ஸ்டோருக்குள் தட்டு புரட்டும்போது நீ மயங்கி விழுந்து, மூன்று பேர் தூக்கி வந்து போட்டார்களாம். ஜீப்பில் வருகிற ஒரு பெண்ணும் அதற்கு முந்தின நாள் விழுந்ததாம். என் கையுறைக்கு இத்தனை கடிதம் போட்டவள் உனக்கு யாருக்கு எழுதினாய்? பிப்ரவரியில் கேட்டேன், மார்ச்சில் கேட்டேன். இப்போதும் கேட்கிறேன். உன் ஸ்டோரில் எத்தனை டிகிரி?

பதில் வரும்வரை எனக்கு இருப்புக்கொள்ளாது.
பாண்டி


லயம்
14-9-2025

அன்புள்ள தம்பிக்கு,

உன் கோணல் எழுத்தை மச்சானும் யுவராணியும் நானும் மாறி மாறிப் படித்தோம். வளையல் யுவராணி கையில் இருக்கிறது. எனக்குத் தலைச்சுற்றல் நின்றுவிட்டது, உன்னிடம் மறைத்ததற்கு மன்னித்துக்கொள். கேட்கிறவள் நிற்க மாட்டாள் என்ற பயம் எனக்கும் இருந்தது.

தோட்டத் தொழிலாளர் ஆய்வாளருக்குக் கடிதம் எழுதி நேற்றுப் பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டேன். என் பெயர் போட்டுத்தான். சூடுதான் முதல் வரியாக வர வேண்டும் என்றார் மச்சான். நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஸ்டோரில் வேலை செய்கிற ஏழு பேரில் மஸ்டரில் இருப்பது நாங்கள் மூன்று பேர். ஜீப்பில் வருகிற நாலு பேர் பெயரையும் ஊரோடும் வயசோடும் முதலில் எழுதினேன். அவர்களையும் உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கினேன். எழுதத் தெரியாத ஒருத்தி ரேகை வைத்தாள்.

அதற்குக் கீழேதான் எழுதினேன்: உள்ளே ஐம்பத்தாறு டிகிரி.
அக்கா நாகஜோதி